மதுரையில் நோபிலி: கடவுள் எண்ணம், பண்பாடு, மறைப்பணி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கடவுளைப் பற்றி மனிதர் கொள்ளும் எண்ணம் அவரவர் பண்பாட்டின் சாயலோடுதான் உருவாகிறதா என்பது மிகப் பழைய கேள்வி. எத்தியோப்பியர் தம் தெய்வங்களைக் கறுத்த நிறத்தோடும் சப்பை மூக்கோடும் எண்ணுகிறார்கள், திரேசியர் நீலக் கண்களோடும் செம்முடியோடும் எண்ணுகிறார்கள் என்று கிரேக்கச் சிந்தனையாளர் செனோபனீஸ் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டினார். 1841-இல் ஜெர்மானியத் தத்துவவாதி பியூயர்பாக் இன்னும் ஒரு படி மேலே சென்று, மனிதன் தன் இயல்பையே வானத்தில் நிறுத்தி அதைக் கடவுள் என்று வணங்குகிறான் என்று வாதிட்டார். செனோபனீஸ் அந்த முடிவுக்குப் போகவில்லை. உருவத்திலும் சிந்தனையிலும் மனிதரைப் போலல்லாத ஒரே பெரிய கடவுள் உண்டு என்றே அவர் கூறினார். மனித எண்ணம் பண்பாட்டுச் சாயல் கொண்டது என்பதனால் எண்ணப்படுபவர் இல்லை என்று ஆகிவிடாது என்பது இதனால் தெளிவாகிறது. எனினும், அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு மற்றொரு மக்களிடம் செல்லும் மறைப்பணியாளருக்கு இக்கேள்வி உடனடியான, நடைமுறைச் சிக்கலாகிவிடுகிறது. தான் அறிவிப்பதில் எது கடவுளுடையது, எது தன் ஊருடையது என்று அவர் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. தன்னை வரவேற்கும் மக்களின் வழக்கங்களில் எதை ஏற்பது, எதை விலக்குவது என்றும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கல் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டு, ஆவணங்களில் விரிவாகப் பதிவான நிகழ்வுகளுள் ஒன்று, 17-ஆம் நூற்றாண்டின் மதுரையில் இயேசு சபைக் குரு நோபிலியின் பணியைச் சுற்றி நடந்தது. இந்நிகழ்வைப் பலரும் ஒரு வெற்றிக்கதையாகவோ, சிலர் ஒரு மாறுவேடக் கதையாகவோ மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவ்விரண்டையும் விட ஆழமான பாடம் அதில் இருப்பதாகக் கருதுவதால் அதை இங்கே ஆராய்கிறேன்.

பின்னணி

1530-களில் முத்துக்குளித்துறைப் பரவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்து பணியாற்றினார். கடற்கரையில் வேரூன்றிய இந்தத் திருச்சபை உள்நாட்டுக்குள் செல்ல முயன்றபோது நிலைமை வேறாக இருந்தது. நாயக்கர் ஆட்சியிலிருந்த மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி 1590-களின் நடுப்பகுதி முதல் பணியாற்றிவந்தார். முன்னாள் படைவீரரான இவர் ஒரு பள்ளியும் மருத்துவ உதவியும் நடத்தியவர். நல்லொழுக்கம் உடையவர் என்று அவருடைய எதிர்ப்பாளர்களும் ஒப்புக்கொண்டனர். ஆயினும் வணிகத்துக்காக மதுரைக்கு வந்து தங்கிய பரவர்களையும் போர்த்துகீசியரையும் தவிர, மதுரை மக்களிடமிருந்து எவரும் அவரிடம் திருமுழுக்குப் பெறவில்லை.

இதற்கான காரணம் மதுரை மக்களின் பார்வையில் வெளிப்படையாக இருந்தது. அவர்கள் கண்ட கிறிஸ்தவம் பரங்கியர் எனப்பட்ட போர்த்துகீசியரின் வாழ்க்கைமுறையாக இருந்தது. மாட்டிறைச்சி உண்பது, மது அருந்துவது, நாள்தோறும் நீராடாமல் இருப்பது, எல்லாரோடும் கலந்து பழகுவது என்று அவர்கள் இழிவாகக் கருதிய வழக்கங்களின் தொகுப்பாகவே அந்த மதம் அவர்களுக்குத் தோன்றியது. கிறிஸ்தவர்களாக விரும்பியவர்களிடம் பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்ற பொருளில் கேட்கும் வழக்கமும் கடற்கரைப் பகுதியில் இருந்துவந்தது. அறிவிக்கப்பட்ட கடவுள் ஒரு குலத்தின் குலதெய்வமாகவும், அந்தக் குலம் ஆயுதம் தாங்கிய கப்பல்களோடு வந்ததாகவும் இருந்தபோது, அக்கடவுளைப் பற்றிய செய்தி காதில் விழுந்தும் கருத்தில் நுழையாமற்போனதில் வியப்பில்லை.

நோபிலி எடுத்த முடிவு

1577-இல் ரோமில் ஓர் உயர்குடிக் குடும்பத்தில் பிறந்த இராபர்ட் தெ நோபிலி, 1605-இல் கோவாவுக்கு வந்து, 1606-இன் இறுதியில் மதுரையை அடைந்தார். இயேசு சபையின் மாகாணத் தலைவர் அல்பெர்த்தோ லயர்சியோவின் ஒப்புதலோடும், பின்னர் கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸின் ஆதரவோடும் அவர் தம் வாழ்க்கைமுறையை முழுமையாக மாற்றிக்கொண்டார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். நெற்றியில் சந்தனம் அணிந்தார், பூணூலும் தரித்தார். நாளுக்கு ஒரு வேளை மரக்கறி உணவே உண்டார். பிராமணச் சமையற்காரரை அமர்த்திக்கொண்டு, பெர்னாண்டஸின் இல்லத்திலிருந்து விலகித் தனி வீட்டில் தனிச் சிற்றாலயம் அமைத்துக்கொண்டார். தாம் பரங்கியர் அல்லர் என்றும், ரோமிலிருந்து வந்த உயர்குலத்துத் துறவி என்றும் ஓலையில் எழுதி அறிவித்தார். தாம் போதிக்கும் வேதத்தை ஏற்பதற்காக எவரும் தம் சாதியை விடவேண்டியதில்லை என்பதும் அந்த அறிவிப்பின் ஒரு பகுதி. பின்னர் நிகழ்ந்தவற்றை எல்லாம் புரிந்துகொள்ள இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம்.

தமிழிலும் தெலுங்கிலும் தேர்ச்சி பெற்ற அவர், சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமண ஆசிரியரிடம் சமஸ்கிருதமும் கற்றார். சிவதர்மர் 1609-இல் பூணூலோடும் குடுமியோடும் திருமுழுக்குப் பெற்றார். தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட நோபிலி தமிழில் எழுதிய உரைநடை நூல்களில் கடவுளைப் பற்றிய விளக்கம் தத்துவ முறையிலேயே தொடங்குகிறது. அவரது வழியில் வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்க மறைக்கல்வியில் சர்வேசுரனின் இலட்சணங்கள் ஆறு என்று தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகச் சொல்லப்பட்டுவந்தது. தாமாயிருக்கிறார், துவக்கமும் முடிவும் இல்லாமல் இருக்கிறார், சரீரமில்லாமல் இருக்கிறார், அளவில்லாத சகல நன்மையும் உடையவராய் இருக்கிறார், எங்கும் வியாபித்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் ஆதிகாரணமாய் இருக்கிறார் என்பவையே அந்த ஆறும்.

இந்த ஆறு இலட்சணங்களையும் சற்று நின்று கவனிக்கவேண்டும். அரிஸ்டாட்டிலைப் பயின்ற தாமஸ் அக்குவினாஸின் இறையியல் இவற்றில் இருக்கிறது. சைவ சித்தாந்தமும் வேதாந்தமும் பயின்ற மதுரை அறிஞர் ஒருவர் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தயக்கமின்றி ஒப்புக்கொண்டிருப்பார். இரு பண்பாடுகளின் கற்றறிந்த வகுப்பார் அறிவால் ஆய்ந்து எட்டிய கடவுள் எண்ணங்கள் ஒன்றையொன்று இவ்வளவு நெருங்கி வந்திருப்பது, அவ்வெண்ணங்கள் வெறும் பண்பாட்டு நிழல்கள் அல்ல என்பதற்கு ஒரு சான்றாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் இப்பட்டியலில் இல்லாதவற்றையும் நாம் கவனிக்கவேண்டும். எகிப்தின் அடிமைகளுடைய கூக்குரலைக் கேட்டு இறங்கிவந்தவர் என்பதோ, தீட்டுப்பட்டவர்களாகக் கருதப்பட்டவர்களைத் தொட்டவர் என்பதோ, பாவிகளோடு பந்தியமர்ந்தவர் என்பதோ இந்த ஆறில் இல்லை. நோபிலி மனுவுருவெடுத்தலையும் மீட்பையும் போதித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் இயேசுவை அவர் முதன்மையாக முன்வைத்தது சற்குருவாக, மெய்யறிவைத் தரும் ஆசானாக. குருவாக வருபவரை அணுகுவதற்கு ஒரு முறை உண்டு. அவரை எல்லாரும் அணுகிவிட இயலாது என்பதும் மதுரைச் சூழலில் அந்த முறைக்குள் அடங்கியிருந்தது.

எது வழக்கம், எது வழிபாடு?

நோபிலியின் முறை மீது முதலில் குற்றச்சாட்டு எழுப்பியவர் பெர்னாண்டஸ். 1610-இல் அவர் மேலிடத்துக்கு முறையீடு எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் அந்நிய தெய்வ வழிபாட்டின் அடையாளங்கள் என்பது அவரது வாதம். 1616-இல் பிராமணச் சடங்குகளைப் பற்றி விரிவான ஒரு நூலை எழுதி, பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொரு வழக்கமும் எவ்வாறு மந்திரத்தோடும் வேள்வியோடும் பிணைந்திருக்கிறது என்று காட்டினார். நோபிலி 1613-இல் எழுதிய லத்தீன் அறிக்கையில் இதற்கு நேர்மாறாக வாதிட்டிருந்தார். பூணூல் குலத்தையும் கல்வித் தகுதியையும் காட்டும் அடையாளம் என்றும், குடுமி சமூக நிலையின் குறி என்றும், சந்தனம் அலங்காரம் என்றும் கூறிய அவர், தர்மசாத்திரங்களையும் மதுரைப் பிராமணர்களின் சான்றுகளையும் துணைக்கு எடுத்துக்கொண்டார். ஒரு செயலை அதன் நோக்கத்தைக் கொண்டே மதிப்பிடவேண்டும் என்ற அக்குவினாஸின் நெறியும், ரோமானியரின் உடையையும் விழாக்களையும் தொடக்கத் திருச்சபை ஏற்றுத் தூய்மைப்படுத்திய வரலாறும் அவருக்கு ஆதாரமாயின.

நேர்மையாகப் பார்த்தால் இருவரும் பாதி உண்மையைக் கூறினர். தமிழ்ச் சமூகத்தில் வழக்கமும் வழிபாடும் தனித்தனிப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருக்கவில்லை. அந்த வகையில் பெர்னாண்டஸின் கவனிப்பு கூர்மையானது. ஆயினும் போர்த்துகீசியரின் உடையும் உணவும் பெயரும் அதே அளவுக்கு ஒரு பண்பாட்டின் வழிபாட்டு வாழ்வோடு கலந்தவை என்பதை அவர் காணவில்லை. தம் பண்பாட்டை அவர் பண்பாடாக உணரவே இல்லை. அதை நம்பிக்கையின் இயல்பான வடிவம் என்றே எண்ணினார். நோபிலி அதைக் கண்டுகொண்டார். அக்காலத்து ஐரோப்பியர் ஒருவர் தம் மக்களின் கிறிஸ்தவத்தில் எவ்வளவு கடவுளுடையது, எவ்வளவு லிஸ்பனுடையது என்று பிரித்துப் பார்த்தது சாதாரணச் சாதனையன்று; அதற்காக அவர் ஏளனத்தையும் விசாரணையையும் ஆண்டுக்கணக்கில் தாங்கினார் என்பதையும் மறக்கலாகாது.

1619-இல் கோவாவில் பேராயர் தலைமையில் கூடிய அவையில் பெரும்பான்மையோர் அவரை எதிர்த்தனர். வழக்கு ரோமுக்குச் சென்றது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை 15-ஆம் கிரகோரி வெளியிட்ட ஆணை, மூடநம்பிக்கைக் கூறுகளை நீக்கிவிட்டுப் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைப் பயன்படுத்த அனுமதித்தது. அதே ஆணையில், உயர்குலத்தைப் பற்றிப் பெருமை கொள்பவர்கள் எளியோரை இகழக்கூடாது என்றும், குறிப்பாகக் கோயிலில் இறைவார்த்தை கேட்கும்போதும் அருளடையாளங்களைப் பெறும்போதும் அவர்களை ஒதுக்கலாகாது என்றும் ஒரு வேண்டுகோளும் இருந்தது. அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோள் ஏட்டளவில் நின்றுவிட்டது.

யாருடைய பண்பாடு?

இந்நிகழ்வின் மையம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. நோபிலி போர்த்துகீசியப் பண்பாட்டுக்குப் பதிலாகத் தமிழ்ப் பண்பாட்டை ஏற்றார் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அவர் ஏற்றது மதுரையிலிருந்த பல பண்பாடுகளுள் ஒன்று. கோயிலுக்குள் செல்ல அனுமதிக்கப்படாதவர்களின் பாடலும், ஊருக்கு வெளியே நின்ற தெய்வங்களும், பரவர்களின் கடல் வாழ்வும் அவரது ஆய்வுக்கு உரியனவாகவில்லை. ஒரு வழக்கம் மதம் சார்ந்ததா, சமூகம் சார்ந்ததா என்று கேட்கவேண்டி வந்தபோது அவர் பிராமணர்களையே சாட்சிகளாக அழைத்தார். தீண்டாமைக்கு உட்பட்டவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், பூணூல் வெறும் சமூகக் குறி என்ற விடையில் அவர்களுக்கு எந்த ஆறுதலும் இருந்திருக்காது; சமூகக் குறி என்பதே அவர்களை வருத்தியது.

அவர் இதை ஏன் காணவில்லை என்பதற்கும் பண்பாடே காரணம். ரோமின் பிரபுக் குடும்பத்தில் வளர்ந்தவருக்குச் சமூகத்தில் மேல், கீழ் என்ற வரிசை இருப்பது இயற்கையாகத் தோன்றியது. சாதியை அவர் ஐரோப்பாவின் பிரபுக்கள், சாமானியர் என்ற பிரிவோடு ஒப்பிட்டே புரிந்துகொண்டார். ஒழுங்கான படிநிலைகளை உடைய உலகைப் படைத்து ஆளும் கடவுள் என்ற எண்ணம் அவருடைய இறையியலிலும் இருந்தது, அவர் சந்தித்த மதுரை உயர்குலத்தாரின் சிந்தனையிலும் இருந்தது. பிறருடைய கடவுள் எண்ணத்தில் கப்பலின் சாயலைக் கண்ட அவர், தம்முடைய எண்ணத்தில் அரண்மனையின் சாயலைக் காணவில்லை. இரண்டு உயர்குடிப் பண்பாடுகள் சந்தித்துக் கைகோத்துக்கொண்டபோது, அது உண்மைக்கும் உண்மைக்கும் நடந்த சந்திப்பாக மட்டும் அவருக்குத் தோன்றியது.

அவரை நீதியோடு மதிப்பிட வேண்டுமானால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒடுக்கப்பட்ட மக்கள் நற்செய்தியைப் பெறக்கூடாது என்று அவர் எண்ணியதில்லை. 1640-ஆம் ஆண்டில் பல்தசார் தா கோஸ்தா தொடங்கிப் பண்டார சுவாமிகள் என்ற மற்றொரு வகைக் குருக்கள் உருவாக்கப்பட்டனர். பிராமண சந்நியாசிகளாக வாழ்ந்த குருக்கள் தாழ்த்தப்பட்டோரோடு பழக இயலாததால், அப்பணி இவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நோபிலி 1656-இல் மயிலாப்பூரில் பார்வையிழந்த முதியவராக இறந்தார். மதுரை மறைத்தளத்தில் பெருந்தொகையாக மனம் மாறியவர்கள் பண்டார சுவாமிகளிடம் வந்த பிராமணரல்லாத மக்களே. 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோ இந்தப் பண்டார சுவாமிகளின் வரிசையைச் சேர்ந்தவர். எந்த உயர்குல வாயிலைத் திறப்பதற்காக அத்தனை பெரிய ஏற்பாடு செய்யப்பட்டதோ, அதன் வழியாக வந்தவர்கள் மிகச் சிலர்.

இந்த ஏற்பாட்டின் விலையைக் கொடுத்தவர்கள் பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்கள். அவர்களுக்குத் தனி இடமும் தனி வாயிலும் ஒதுக்கப்பட்டன. நோயுற்றுச் சாகும் நிலையில் இருந்தவரைக் குடிசையிலிருந்து வெளியே தூக்கிவந்த பிறகே குரு இறுதி அருளடையாளங்களை வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. 1704-இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை இவ்வழக்கத்தைக் கண்டித்து, நோயாளிகளின் வீட்டுக்கே செல்லவேண்டும் என்று கட்டளையிட்டது. அவ்வாணை தாலியில் பிள்ளையார் உருவத்தைப் பொறிப்பது, திருமணத்தில் தேங்காய் உடைப்பது போன்றவற்றையும் அதே மூச்சில் தடைசெய்தது. மண்ணின் மொழியும் வாழ்வும் அறியாத ஒருவர் சில மாதங்கள் தங்கி எழுதிய ஆணை என்ற குறை அதில் உண்டு. ஆயினும் மற்ற எல்லாவற்றையும் விட்டு நோயாளியின் குடிசையைப் பற்றிய அந்த ஒரு கட்டளையை எடுத்துக்கொண்டால், உள்ளூர்ப் பண்பாட்டை நன்கறிந்த மறைப்பணியாளர்கள் காணத் தவறியதை வெளியார் ஒருவர் கண்டார் என்று ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது. நாற்பது ஆண்டுகள் நீடித்த வழக்காடலுக்குப் பின் 1744-இல் 14-ஆம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையும் இதை உறுதிசெய்தது. அப்போதும், பறையர்களுக்கென்று தனிக் குருக்களை நியமிக்கிறோம் என்ற இயேசு சபையாரின் முன்மொழிவு ஏற்கப்பட்டது. அவமதிப்பை நீக்க வேண்டிய இடத்தில் பணியையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

மறைப்பணிக்கு இதன் பொருள்

நோபிலியின் ஆதரவாளர்கள் யூதருக்கு யூதரைப் போல் ஆனேன் என்ற பவுலின் சொற்களை மேற்கோள் காட்டினர். அதே பவுல் அந்தியோக்கியாவில் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்தார் என்பதைக் கலாத்தியர் திருமுகம் கூறுகிறது. அங்கே பேதுரு செய்தது, யூதர்களின் உணவு வழக்கத்தை மதித்து, பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு உண்பதை நிறுத்திக்கொண்டது மட்டுமே. பண்பாட்டுக்குக் காட்டிய மரியாதை என்று அதை எளிதில் நியாயப்படுத்தியிருக்கலாம். பவுல் அதை நற்செய்தியின் உண்மைக்கு மாறான நடத்தை என்றார். ஏற்பதற்கும் மறுப்பதற்கும் பவுல் கையாண்ட அளவுகோல் ஒன்றே: அந்த வழக்கம் இன்னொரு மனிதரைப் பந்தியிலிருந்து விலக்குகிறதா என்பது. மதுரையில் வழக்கங்களை ஆராய்ந்தவர்கள், இதில் விக்கிரக வழிபாடு உண்டா என்று மிக நுணுக்கமாகக் கேட்டனர். இதில் யாராவது விலக்கப்படுகிறாரா என்று அதே நுணுக்கத்தோடு கேட்கவில்லை.

அப்படியானால் பண்பாட்டுக்கு இடம் தராமல் நற்செய்தியை அறிவிக்க இயலுமா என்றால், இயலாது. அவ்வாறு முயன்றவர்கள் தம் சொந்தப் பண்பாட்டையே நற்செய்தி என்று அறிவித்தார்கள் என்பதற்குப் பெர்னாண்டஸின் மதுரை வாழ்வே சான்று. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்க், தமிழரின் தெய்வங்களைப் பற்றி ஓலைச்சுவடிகளைத் தேடிப் படித்தும் மக்களோடு உரையாடியும் 1713-இல் ஒரு பெரிய நூலை எழுதினார். அதை அச்சிட ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மேலிடத்தார் மறுத்துவிட்டனர். பிறருடைய கடவுள் எண்ணங்களை விளக்குவது அவற்றைப் பரப்புவதாகும் என்ற அச்சம் அவர்களுக்கு. 1867 வரை அந்நூல் அச்சேறவில்லை. கேட்க மறுக்கும் மறைப்பணி இவ்வாறு தன்னையே வறுமைப்படுத்திக்கொள்கிறது.

சாதியைப் பொறுத்தவரை, ஆணையிட்டு அகற்ற முயன்றவர்களும் எளிதில் வெல்லவில்லை. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூர்ச் சபைகளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. கிறிஸ்தவத் தமிழ்ப் பாடல்களால் இன்றும் போற்றப்படும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கங்களின் பக்கம் நின்று எழுதியவர். இறைவனைப் பற்றி உருகிப் பாடிய உள்ளத்திலும் குலப்பெருமை குடியிருக்க இயலும் என்பது நம்மை வருத்தவேண்டும். கத்தோலிக்கத் தரப்பில், திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுப்பப்பட்ட ஆலயம், வேளாளரும் நாடாரும் தனித்தனிக் கூடங்களில் அமர்ந்து ஒரே பீடத்தைக் காணும்படி அமைக்கப்பட்டிருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பு அகற்றப்பட்டபோது, அதை மீண்டும் எழுப்பக் கோரி ஒரு தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர் நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. திருச்சபைக்குள் தீர்க்கப்பட்டிருக்க வேண்டிய ஒன்றை அரசின் நீதிமன்றம் தீர்க்கவேண்டி வந்தது.

1981-இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, தலித் இறையியல் என்று பின்னர் வளர்ந்த சிந்தனைக்குத் தொடக்கமாயிற்று. அதுவரை இந்தியக் கிறிஸ்தவ இறையியல் என்று அறியப்பட்டது பெரும்பாலும் பிராமணத் தத்துவ மரபோடு நடந்த உரையாடல் என்பதும், திருச்சபையின் பெரும்பான்மையினரான ஒடுக்கப்பட்ட மக்களின் அனுபவத்துக்கு அதில் இடமில்லை என்பதும் அச்சிந்தனையின் அடிப்படை. தலித் இறையியல் காட்டும் கடவுளும் ஒரு குறிப்பிட்ட மக்களின் வாழ்விலிருந்து எழும் எண்ணமே என்று சிலர் குறை கூறுவர். அது உண்மையே, ஆனால் தாமாயிருப்பவர், சரீரமில்லாதவர் என்ற எண்ணமும் ஒரு குறிப்பிட்ட வகுப்பாரின் கல்விக்கூடங்களில் எழுந்ததுதான். எந்தக் கடவுள் எண்ணமும் எங்கோ ஓரிடத்தில் நின்றுதான் எண்ணப்படுகிறது என்று ஏற்றுக்கொண்டால், எல்லா இடங்களும் சமம் என்று ஆகிவிடாது. அடிமைகளை விடுவித்தவராகவும் சிலுவையில் அறையப்பட்டவராகவும் தம்மைக் காட்டிக்கொண்ட கடவுளைப் பற்றிப் பேசும் நம்பிக்கைக்கு, விலக்கப்பட்டவர் நிற்கும் இடத்திலிருந்து வரும் சாட்சியம் கூடுதல் கனமுடையது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஆகவே இன்று ஒரு புதிய மக்களிடம் செல்லும் குழுவினருக்கு இந்நிகழ்வைக் கற்பிக்கும்போது, நோபிலியின் மொழிப்பயிற்சியையும் எளிய வாழ்வையும் பொறுமையையும் முன்மாதிரியாக வைக்கவேண்டும். அதனோடு, அவர் செய்யாத ஒரு வேலையை அவர்களின் கடமையாக ஆக்கவேண்டும். அந்த மக்களின் வழக்கம் இன்னது என்று யாரேனும் விளக்கும்போது, விளக்குபவர் யார், அவ்வழக்கத்தால் அவர் அடைவது என்ன என்று விசாரிக்கவேண்டும். பிறகு அதே வழக்கத்தால் இழப்பவர்களைத் தேடிச்சென்று, கடவுளைப் பற்றி அவர்கள் என்ன எண்ணுகிறார்கள் என்று கேட்டு எழுதவேண்டும். ஆலயத்தின் அமைப்பையும் பாடலின் மெட்டையும் மறைக்கல்வியின் முதற்பாடத்தையும் முடிவு செய்வதற்கு முன்பே இந்த விசாரணை நடந்தாகவேண்டும். சுவர் எழும்பிய பிறகு அதை இடிக்க எத்தனை தலைமுறை ஆகும் என்பதை வடக்கன்குளம் காட்டியிருக்கிறது.